அறுவடைக்கு முந்தைய மாதம்

கரும்பு போட்டவருக்கு ஆண்டில் ஒருமுறைதான் பெரிய வரவு. கரணை நட்டு, களை வெட்டி, மண் அணைத்து, சோகை உரித்து, பத்துப் பன்னிரண்டு மாதம் தண்ணீர் கட்டிய பிறகும் ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வந்தால்தான் வயலில் கத்தி இறங்கும். வெட்டி, ஏற்றி, எடைபோட்டு, பணம் கைக்கு வரும்வரை வீடு நடந்தாக வேண்டும். பள்ளிக் கட்டணம், உரக்கடை பாக்கி, சொல்லாமல் வரும் ஆஸ்பத்திரிச் செலவு எதுவும் ஆலைக்காகக் காத்திருப்பதில்லை. மனைவியின் தோடு அடகுக் கடைக்குப் போவது அந்தக் கடைசி மாதங்களில்தான். பணம் வந்ததும் முதல் வேலை அதை மீட்பது. மனிதர் அதே மனிதர், நிலமும் அதே நிலம். நடுவில் இருப்பது சில மாதங்கள் மட்டும்.

இந்தச் சில மாதங்களுக்குள் ஒருவருடைய மூளைக்குள் என்ன மாறுகிறது என்று பார்க்க விரும்பினார்கள் ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஜாவ் ஆகிய ஆய்வாளர்கள் நால்வரும். ஏழைகளையும் வசதியானவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி அளந்தால் படிப்பு, சிறுவயது ஊட்டம், உடல்நலம் என்று நூறு வித்தியாசங்கள் குறுக்கே வரும். ஒரே விவசாயியை அறுவடைக்கு முன்னும் பின்னும் அளந்தால் அந்தச் சிக்கல் இல்லை. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களைச் சுற்றிய 54 ஊர்களில் 464 சிறு விவசாயிகளை அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். கரும்பில் இன்னொரு வசதியும் இருந்தது. ஆலை எல்லோருடைய கரும்பையும் ஒரே வாரத்தில் அரைக்க முடியாது. வெட்டு மாதக்கணக்கில் ஒருவர்பின் ஒருவராக நடக்கும். ஆகவே ஒருவர் பணமில்லாமல் இருக்கும் அதே வாரத்தில் அடுத்த வயல்காரர் பணத்தோடு இருப்பார். பருவமோ திருவிழாவோ காரணமாக இருக்குமோ என்ற சந்தேகத்துக்கு இதனால் இடம் குறைந்தது. 2013-இல் ‘சயின்ஸ்’ இதழில் ஆய்வு வெளியானது.

கொடுத்த சோதனைகள் இரண்டு. ஒன்று, கோலவரிசையில் விடுபட்ட துண்டைக் கண்டுபிடிப்பது. எழுதப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை. மற்றொன்றில் ‘5 5 5’ என்று காட்டுவார்கள். எத்தனை எண்கள் இருக்கின்றன என்று சொல்ல வேண்டும். விடை மூன்று. வாய் ‘ஐந்து’ என்று சொல்லத் துடிக்கும். அதை அடக்குவதற்குக் கவனம் வேண்டும். முதல் சோதனையில் அறுவடைக்கு முன் சராசரியாக 4.35 விடைகள் சரியாக இருந்தன, பின்னால் 5.45. இரண்டாவதை முடிக்க முன்பு 146 விநாடி ஆனது, பின்பு 131, தவறுகளும் குறைந்தன. அதே விவசாயிகளில் அறுவடைக்கு முன் ஏதாவது அடகு வைத்திருந்தவர்கள் நூற்றுக்கு 78 பேர், பின்னால் 4 பேர். உடல் உழைப்பு, உணவு, அழுத்தத்தின் உடல் அறிகுறிகள் என்று வேறு காரணங்களையும் ஆராய்ந்தார்கள். அவை மட்டும் இந்த வித்தியாசத்தை விளக்கப் போதவில்லை.

அமெரிக்காவின் நியூஜெர்சியில், ஒரு வணிக வளாகத்துக்கு வந்தவர்களிடம் அவர்களே நடத்திய சோதனை இன்னும் வியப்பானது. “உங்கள் கார் பழுதாகிவிட்டது, சரிசெய்ய 150 டாலர் ஆகும், என்ன செய்வீர்கள்?” என்று சிலரிடம் கேட்டார்கள். வேறு சிலரிடம் தொகை 1,500 டாலர். யோசித்துக்கொண்டிருக்கும்போதே கோலச் சோதனையைக் கொடுத்தார்கள். வசதியானவர்களுக்கு இரண்டு தொகையும் ஒன்றுதான். வருமானம் குறைந்தவர்கள் 150 டாலர் கேள்விக்குப் பிறகு வசதியானவர்களுக்கு இணையாகவே விடை சொன்னார்கள். 1,500 என்று கேட்டபோது தடுமாறினார்கள். ஓர் இரவு முழுவதும் தூங்காதவருக்கு ஏற்படும் சரிவோடு ஒப்பிடத்தக்க சரிவு அது. கார் எதுவும் பழுதாகவில்லை, யாருக்கும் ஒரு காசு செலவாகவில்லை. எங்கிருந்து புரட்டுவது என்ற கணக்கு உள்ளே ஓடத் தொடங்கியதே போதுமானதாக இருந்தது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலில் வந்தவரோடு நின்று பேசுகிறவரின் நிலை இது: அவர் அறிவு எங்கும் போகவில்லை, காது மட்டும் சமையலறையில் இருக்கிறது.

இந்த ஆய்வுகளை இதோடு நிறுத்திக்கொண்டு ‘பணமில்லாதவருக்கு அறிவு குறையும்’ என்று தலைப்புப் போட்டுவிட்டவர்கள் பலர். அது தவறு, கொடுமையும்கூட. அறிவியலுக்குள்ளேயே இதன்மீது எதிர்வாதங்கள் உண்டு. சோதனைகள் சிலருக்கு மிக எளிதாக இருந்ததால் கணக்கு திரிந்திருக்கலாம் என்று அதே ஆண்டிலேயே ‘சயின்ஸ்’ இதழில் மறுப்பு வந்தது. 2016-இல் கர்வால்யோ, மையர், வாங் மூவரும் அமெரிக்காவில் வருமானம் குறைந்தவர்களைச் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் சோதித்தார்கள். சிந்தனைத் திறனில் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. பற்றாக்குறையின் உளவியல் குறித்து வெளிவந்த 20 சோதனைகளை மறுபடி நடத்திப் பார்த்து 2021-இல் வெளியான ஆய்வில், பெரும்பாலானவை பழைய முடிவைத் தரவில்லை. எனவே எதை நம்புவது என்பதில் நிதானம் வேண்டும். சம்பளத்துக்கு முந்தைய வாரத்தின் இறுக்கமும், பத்து மாதம் வரவே இல்லாமல் தோடு அடகில் இருக்கும் இறுக்கமும் ஒன்றல்ல என்பது என் எண்ணம். கற்பனைக் கேள்விகளைவிட, உண்மையான பணம் உண்மையான வீட்டுக்குள் போனபோது என்ன நடந்தது என்று காட்டும் ஆய்வுகளையே நான் அதிகம் மதிக்கிறேன். அப்படிப்பட்ட இரண்டை இங்கே சொல்ல வேண்டும்.

முதலாவது ஒடிசாவில் நடந்தது. சுப்ரீத் கவுர், செந்தில் முல்லைநாதன், சுவானா ஓ, ஃப்ராங்க் ஷில்பாக் ஆகியோர் இலைத்தட்டு தைக்கும் தொழிலாளர்களிடம் இதை நடத்தினார்கள். தைத்த தட்டுக்கு இவ்வளவு என்று கூலி. மொத்தக் கூலியை மாற்றாமல், அதில் ஒரு பகுதியைச் சிலருக்கு மட்டும் சில நாள் முன்னதாகக் கொடுத்தார்கள். யாருக்கு முன்னதாக என்பதைக் குலுக்கலில் முடிவுசெய்தார்கள். பணம் கைக்கு வந்ததும் தொழிலாளர்கள் கடனை அடைத்தார்கள். அதற்கடுத்த நாட்களில் அவர்கள் தைத்த தட்டுகளின் எண்ணிக்கை கூடியது, கவனப்பிசகால் வரும் தவறுகள் குறைந்தன. கூட்டத்திலேயே அதிகம் ஏழ்மையில் இருந்தவர்களிடம்தான் மாற்றம் மிகுதி. கூலி ஒரு ரூபாய்கூட உயரவில்லை, தேதி மட்டும் மாறியது. கரும்புக்கும் இப்படி ஒரு தேதி சட்டத்தில் இருக்கிறது: 1966-ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை, கரும்பு ஆலைக்கு வந்து 14 நாட்களுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் ஆண்டுக்கு 15 விழுக்காடு வட்டி சேர்த்துத் தர வேண்டும் என்கிறது. நிலுவைக்காக விவசாயிகள் சாலைக்கு வரும் செய்திகள் நமக்குப் பழகிவிட்டன. அந்த 14 நாளைத் தாண்டும் ஒவ்வொரு வாரமும் ஒருவருடைய வேலையில் கைவைக்கக்கூடும் என்பதற்கு இப்போது சான்றும் இருக்கிறது.

இரண்டாவது சிங்கப்பூரில். அங்கே ஒரு தொண்டு அமைப்பு, நெடுநாள் கடனில் இருந்த வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு 5,000 சிங்கப்பூர் டாலர் வரை கடனை அடைத்துக் கொடுத்தது. அதற்கு முன்னும் பின்னும் 196 பேரைச் சோதித்து 2019-இல் முடிவை வெளியிட்டார்கள். கடன் அடைந்தால் மனம் லேசாகும் என்பதைக் கண்டுபிடிக்க ஆய்வு தேவையில்லை. அவர்கள் கண்டது வேறு. ஒரே அளவு தொகை அடைபட்டவர்களிலும், ஒருவருக்கு ஒரு பெரிய கணக்கு மட்டும் குறைந்திருக்கும். இன்னொருவருக்கு நான்கைந்து சிறு கணக்குகள் அடியோடு முடிந்திருக்கும். இரண்டாமவரிடம்தான் முன்னேற்றம் தெளிவாகத் தெரிந்தது. கூடுதலாக மூடப்படும் ஒவ்வொரு கடன் கணக்குக்கும் பதற்றத்தின் அறிகுறி தென்படும் வாய்ப்பு 11 விழுக்காடு குறைந்தது. சிந்தனைச் சோதனையிலும் திறன் கூடியது. தலைக்குள் சுமையாக இருப்பது கடனின் தொகை மட்டும் இல்லை, எத்தனை இடத்தில் கடன் என்பதும்தான்.

நம் வீடுகளில் இந்தக் கணக்கை எண்ணிப் பார்த்தால் பலருக்கு அதிர்ச்சியாக இருக்கும். மளிகைக் கடை நோட்டு, பால்காரர் பாக்கி, மகளிர் குழுக் கடன், வங்கியில் நகை, சேட்டுக் கடையில் இன்னொரு நகை, கைப்பேசிக்குத் தவணை, வண்டிக்குத் தவணை, கிரெடிட் கார்டு, மச்சானிடம் வாங்கிய கைமாற்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதி, ஒரு முகம், ஒரு போன் அழைப்பு. கணிதம் படித்தவர் சொல்லும் வழி ஒன்றே: வட்டி அதிகமானதை முதலில் அடை. ஆனால் மனிதர்கள் சிறு கடனை முதலில் முடிக்கவே ஓடுகிறார்கள் என்றும், அதனால் வட்டியில் நஷ்டப்படுகிறார்கள் என்றும் 2011-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. அதைக் காட்டிச் சிறு கடனை மூடுகிறவர்களை அறியாதவர்கள் என்று சொல்லிவிடலாகாது. சிங்கப்பூர் முடிவையும் சேர்த்துப் பார்த்தால் அவர்கள் வேறொரு கணக்கில் லாபம் பார்க்கிறார்கள்.

நான் இரண்டையும் இப்படித்தான் சேர்ப்பேன். தண்டலும் கந்துவட்டியும் இருந்தால் அவைதான் முதலில், கேள்வியே இல்லை. பத்தாயிரம் என்று பேசி ஆயிரத்தைப் பிடித்துக்கொண்டு ஒன்பதாயிரம் கொடுத்து, நாளுக்கு நூறாக நூறு நாள் வசூலிக்கும் தண்டலை எடுத்துக்கொள்ளுங்கள். பார்வைக்கு ஆயிரம் ரூபாய்தான் வட்டி. ஆனால் தினமும் திருப்பிக் கட்டிக்கொண்டே வருவதால், சராசரியாக உங்களிடம் இருந்த கடன் ஏறத்தாழ 4,500 மட்டுமே. நூறு நாளுக்கு அதன்மேல் ஆயிரம் என்றால் ஆண்டுக்கு 80 விழுக்காட்டைத் தொடும். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டு வரும் கிரெடிட் கார்டும் மாதம் மூன்று, மூன்றரை விழுக்காடு என்று ஏறுவது. அதுவும் முன்வரிசையில் வர வேண்டியதே. இவை போக, வட்டி ஏறக்குறைய ஒன்றாக இருக்கும் மற்ற கடன்களில் சிறியதை முதலில் முடித்துக் கணக்குகளின் எண்ணிக்கையைக் குறைப்பது நல்லது. கைமாற்றை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். அதற்கு வட்டி இல்லை, அதனால் கணிதப்படி கடைசி. ஆனால் அந்த ஒரு கடனுக்காக மச்சான் வீட்டு விசேஷத்துக்குப் போகாமல் இருந்துவிடுகிறோம், தெருவில் பார்த்தால் வேறு பக்கம் திரும்புகிறோம். அதைச் சீக்கிரம் கொடுத்துவிடுவது வீண்செலவு இல்லை.

கடனை அடைத்தால் போதுமா என்றால், கோயம்பேடு சந்தை வேறு பாடம் சொல்கிறது. முல்லைநாதனும் ஷஃபீரும் தங்கள் நூலில் அந்தச் சந்தையின் சில்லறை வியாபாரிகளை விவரிக்கிறார்கள். ஒருவர் காலையில் ஆயிரம் ரூபாய்க்குச் சரக்கு எடுத்து, மாலைக்குள் 1,100-க்கு விற்பார். அந்த ஆயிரம் நாள் வட்டிக்கு வாங்கியது. வட்டி 5 விழுக்காடு, அதாவது 50 ரூபாய். உழைத்த நூறில் பாதி வட்டிக்காரருக்கு. இவர் நாள்தோறும் ஐந்து ரூபாயை ஒதுக்கி, அந்த அளவு கடனைக் குறைத்து வாங்கினால் என்ன ஆகும்? இருநூறு நாள் என்று மனக்கணக்கு சொல்லும். ஆனால் இன்று குறைத்த கடனுக்கு நாளை வட்டியும் குறையும், அந்த மிச்சமும் சேர்ந்துகொள்ளும். சுமார் ஐம்பதே நாளில் முழுச் சரக்கும் சொந்தப் பணத்தில் வந்துவிடும். அவருடைய வருமானம் இரட்டிப்பாகும்.

கணக்கு இவ்வளவு எளிது என்றால் ஏன் யாரும் செய்வதில்லை? டீன் கார்லன், முல்லைநாதன், பெஞ்சமின் ராத் ஆகியோர் இந்தியாவிலும் பிலிப்பைன்ஸிலும் வியாபாரிகளின் வட்டிக்கடனை அடியோடு அடைத்துக் கொடுத்துப் பார்த்தார்கள். பெரும்பாலானவர்கள் ஆறே வாரத்தில் மீண்டும் கடனுக்குள் போனார்கள். ஓரிரு ஆண்டு கழித்துப் பார்த்தபோது உதவி பெற்றவருக்கும் பெறாதவருக்கும் கடனில் வித்தியாசம் இல்லை. இதைப் படித்துவிட்டு ‘அவர்களைத் திருத்த முடியாது’ என்று தலையசைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மழையில் ஒரு நாள் வியாபாரம் படுத்தால், பேரனுக்குக் காய்ச்சல் வந்தால், உறவில் ஒரு கல்யாணத்துக்கு மொய் எழுத வேண்டி வந்தால், எடுக்கக்கூடிய ஒரே பணம் நாளைய சரக்குப் பணம். அதில் கைவைத்த மறுநாள் காலை வட்டிக்காரர்தான் வழி. கடன் போனது, ஆனால் அதிர்ச்சியைத் தாங்க ஒரு சிறு கையிருப்பு வரவில்லை. டீயை நிறுத்து, ஐந்து ரூபாய் மிச்சம் பிடி என்ற அறிவுரை இந்த இடத்தைத் தொடுவதே இல்லை.

அந்தக் கையிருப்பு பெரிதாக இருக்க வேண்டியதில்லை. அமெரிக்காவின் அர்பன் இன்ஸ்டிடியூட் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், 250 முதல் 749 டாலர் வரை கையிருப்பு உள்ள குடும்பங்கள்கூட, வேலை போனாலோ வருமானம் சரிந்தாலோ வீட்டைக் காலி செய்ய நேராமல் தப்புவது அதிகமாக இருந்தது. சேமிப்பே இல்லாத நடுத்தர வருமானக் குடும்பங்களைவிட, சிறு சேமிப்பு உள்ள ஏழைக் குடும்பங்கள் அடியைத் தாங்கின. ‘ஆறு மாதச் செலவைச் சேர்த்து வை’ என்று நிதி ஆலோசகர்கள் சொல்வதைக் கேட்டு மலைத்துப்போய் ஒன்றுமே தொடங்காதவர்களுக்கு இது முக்கியமான செய்தி. முதலில் மூவாயிரம், பிறகு ஐயாயிரம், அதுவும் கடன் இருக்கும்போதே. வட்டிக் கணக்கு மட்டும் பார்க்கிறவர் இதை மறுப்பார்; கோயம்பேட்டு வியாபாரிகளுக்கு நடந்ததைப் பார்த்தவர் மறுக்க மாட்டார்.

எங்கே வைப்பது என்பதும் சின்னக் கேள்வி இல்லை. கென்யாவில் பாஸ்கலின் டூபாவும் ஜொனாதன் ராபின்சனும் மக்களுக்குப் பூட்டும் சாவியும் உள்ள ஒரு தகரப் பெட்டியைக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். உடல்நலத்துக்கான சேமிப்பு 66 விழுக்காடு கூடியது. சேமிப்பை ஒரே காரியத்துக்கென்று கட்டிப்போடுவது எல்லோருக்கும் கூடுதல் பலன் தரவில்லை. ஆனால் அவசரத்துக்கென்று வைத்த பணத்துக்கும், உறவினரும் நண்பரும் அடிக்கடி கேட்டு வாங்கிப்போகும் வீடுகளுக்கும் அது உதவியது. அரிசிப் பானைக்குள்ளும் அஞ்சறைப் பெட்டிக்குள்ளும் சிறுவாடு சேர்த்த நம் பெண்களுக்கு இந்த முடிவு புதிதாக இருக்காது. ‘கையில் இல்லை’ என்று பொய் சொல்லாமல் சொல்ல முடிவது பெரிய நிம்மதி. திலீப் சோமனும் அமர் சீமாவும் 2011-இல் வெளியிட்ட ஆய்வு இந்தியக் கட்டடத் தொழிலாளர்களைப் பற்றியது. சேமிக்க வேண்டிய தொகையை ஒரே உறையில் போட்டு ஒட்டித் தருவதைவிட இரண்டு உறைகளாகத் தந்தபோது மிச்சம் கூடியது. உறையில் அவர்களுடைய பிள்ளைகளின் படம் இருந்தபோது இன்னும் கூடியது. முதல் உறையைப் பிரித்தவர்களும் இரண்டாவதைப் பிரிக்கும்முன் ஒரு கணம் நின்றிருக்க வேண்டும். அந்த ஒரு கணத்தை உண்டாக்குவதே நல்ல ஏற்பாட்டின் வேலை. வங்கியில் இரண்டாவதாக ஒரு கணக்குத் தொடங்கி, அதற்கு ஏ.டி.எம். கார்டும் யு.பி.ஐ.யும் வைத்துக்கொள்ளாமல் இருந்தால் இன்று அதே காரியம் நடக்கும்.

மாதச் சம்பளக்காரர்களின் நெருக்கடி பெரும்பாலும் வேறு வாசல் வழியாக வருகிறது. அபிகேல் சஸ்மனும் ஆடம் ஆல்ட்டரும் 2012-இல் ஒன்றைக் காட்டினார்கள்: வழக்கமான செலவை மக்கள் ஓரளவு சரியாகவே கணிக்கிறார்கள், ‘இது எப்போதாவது வருவது’ என்று நினைக்கும் செலவைத்தான் மிகக் குறைத்து மதிப்பிடுகிறார்கள். ஒவ்வொன்றும் தனித்தனியாக அபூர்வம், எல்லாம் சேர்ந்தால் ஏதாவது ஒன்று இல்லாத மாதமே இல்லை. ஜூனில் பள்ளிக் கட்டணம் 24,000, தீபாவளிக்கு 15,000, வண்டிக் காப்பீடும் சர்வீஸும் 5,000, மொய்யும் ஊர்த் திருவிழாவும் 10,000 என்று ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 54,000, மாதத்துக்கு 4,500. இந்த 4,500 வீட்டு வாடகைக்கு இணையான மாதச் செலவு. அதைக் கணக்கில் எழுதாத குடும்பம் ஒவ்வொரு ஜூனிலும் நகையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறது, ஒவ்வொரு முறையும் எதிர்பாராதது என்று நம்புகிறது. பழைய ஓராண்டு வங்கிக் கணக்கை ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து புரட்டினால் இந்தத் தொகை தெரிந்துவிடும். சம்பளம் வந்த மறுநாளே அது தொடர் வைப்புக்குத் தானாகப் போகும்படி செய்துவிட வேண்டும். தவணைத் தேதிகளையும் கேட்டு வாங்கி அதே வாரத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்; பல வங்கிகள் இதற்கு இசைகின்றன. மாதக் கடைசியில் கையில் இருப்பது முழுவதும் தன் பணம்தான் என்று தெரிந்தால் யோசிக்க வேண்டியது வெகுவாகக் குறையும். மன உறுதியை நம்பாமல் தேதியை நம்புவதன் பலத்தை ரிச்சர்ட் தேலரும் ஷ்லோமோ பெனார்ட்சியும் 2004-இல் காட்டினார்கள். சம்பளம் உயரும்போதெல்லாம் சேமிப்பும் தானாக உயரட்டும் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்ட ஊழியர்களின் சேமிப்பு, 40 மாதங்களில் சம்பளத்தின் 3.5 விழுக்காட்டிலிருந்து 13.6 விழுக்காட்டுக்கு ஏறியது.

இவை எல்லாவற்றுக்கும் ஓர் எல்லை உண்டு. வருமானமே சோற்றுக்கும் வாடகைக்கும் எட்டாத வீட்டில் உறையும் பெட்டியும் அதிசயம் செய்யா. அங்கே முதலில் தேவைப்படுவது வட்டி குறைந்த பணம்: கந்துவட்டியை மாற்றிக்கொள்ளக் கூட்டுறவு வங்கியின் நகைக்கடனோ குழுக் கடனோ. மிரட்டி வசூலிப்பவர்களுக்கு எதிராக 2003-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. காவல் நிலையத்திலும் மாவட்ட ஆட்சியரிடமும் புகார் கொடுக்கலாம். அடுத்துத் தேவைப்படுவது தவறாத தேதி. ஆயிரத்துக்குக் குறைவான ஆட்கள் வேலைசெய்த இடங்களில் மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கொடுக்க வேண்டும் என்று 1936-இலேயே சட்டம் எழுதியாகிவிட்டது. பத்துப் பேரை வைத்து வேலை வாங்கும் சிறு முதலாளியும், வீட்டுவேலைக்கு ஒருவரை வைத்திருக்கும் குடும்பமும், 15-ஆம் தேதி பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளும்போது அந்த எட்டு நாளுக்கான வட்டியை வேறொருவர் தண்டல்காரரிடம் கட்டிக்கொண்டிருக்கிறார்.